புயல் கரையோடு நிற்பதில்லை

(பாலவனத்தத்தில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



மானாவாரி நிலத்தில் பாடுபடும் நாம், மழை வருமா வராதா என்றே எப்போதும் கவலைப்படுகிறோம். இன்று காற்றைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடலில் புயல்கள் தோன்றுகின்றன. "புயல் கடற்கரைக்காரர்களின் கவலை, நமக்குக் கண்மாய் பெருகினால் போதும்" என்ற எண்ணம் நம் கரிசல் கிராமங்களில் இருக்கிறது. இது சரியான எண்ணமா என்று முதலில் பார்ப்போம்.

உள்நாட்டுக்குப் புயல் வருமா?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அங்கிருந்து புதுக்கோட்டை நகரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அப்படியிருந்தும் புதுக்கோட்டையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு விழுந்தன. திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்த பிறகே அது கேரளத்துக்குச் சென்றது.

பாலவனத்தத்திலிருந்து மன்னார் வளைகுடாக் கடற்கரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். புயல் மணிக்கு 20 கிலோமீட்டர் நகர்ந்தால் மூன்று மணி நேரத்தில் இங்கு வந்துவிடும். 1978ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கையின் மட்டக்களப்பைச் சிதைத்த புயல், மறுநாள் கீழக்கரைப் பக்கம் கரையேறியது. அன்று நம் பகுதியும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2020 டிசம்பரில் வந்த புரெவி புயல் இராமநாதபுரம் கரையருகே வலுவிழந்ததால் காற்றின் சேதத்திலிருந்து தப்பினோம். ஒருமுறை தப்பியதைக் கொண்டு என்றும் தப்புவோம் என்று இருந்துவிடக் கூடாது.

கடல்நீரின் ஆவியே புயலுக்கு உணவு. தரைக்கு வந்ததும் அந்த உணவு நின்றுவிடுவதால் அது வலுவிழக்கிறது. ஆனால் அடுப்பை அணைத்தவுடன் உலை ஆறிவிடுவதில்லை. புயலும் அடங்கச் சில மணி நேரம் பிடிக்கும். மேலும், காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கூரையின்மேல் காட்டும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, வலுவிழந்த புயல்கூட ஓலைக் கூரையையும் தகரத்தையும் தூக்கிவிடப் போதுமானது.

அறிவிப்பைக் கேட்கும் முறை

வானிலை ஆய்வுத் துறை புயல் அறிவிப்புகளை நான்கு கட்டமாக வெளியிடுகிறது. முதலாவது முன்னறிவிப்பு 72 மணி நேரத்துக்கு முன்பும், இரண்டாவது 48 மணி நேரத்துக்கு முன்பும், மூன்றாவது 24 மணி நேரத்துக்கு முன்பும் வரும். நான்காவது, கரை கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பாக வருவது. கரை கடந்த பின் புயல் எத்திசையில் செல்லும், உள்மாவட்டங்களில் காற்றும் மழையும் எவ்வாறு இருக்கும் என்பதை இதுவே தெரிவிக்கும். நம் போன்ற ஊர்களுக்கு உரிய அறிவிப்பு இந்த நான்காவதுதான். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்பதோடு நில்லாமல் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் கேட்பதற்கு, மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்று வீட்டில் இருப்பது நலம்.

கூரை

கூரையைப் புரட்டாசியிலேயே சரிபார்த்துவிட வேண்டும். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, அடியில் புகுந்து தூக்குவதே அதிகம். எனவே கூரையைச் சுவரோடு பிணைப்பதே முதல் வேலை. கைமரங்களின் அடியைச் சுவர்மேல் உள்ள கட்டையோடு துருப்பிடிக்காத கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். ஆணி மட்டும் போதாது. இற்றுப்போன பனங்கைகளை மாற்றிவிடுங்கள்.

ஓட்டு வீட்டில் முகட்டு ஓடுகளையும், இறவாரத்திலும் பக்க ஓரங்களிலும் உள்ள கடைசி வரிசை ஓடுகளையும் சிமெண்டுக் கலவையில் பதிக்க வேண்டும். ஓடு பறப்பது ஓரத்தில்தான் தொடங்கும். ஓலைக் கூரையின் குறுக்கே கயிறுகளை வலைபோல இழுத்து, தரையில் அடித்த முளைகளில் கட்டலாம்.

தகரக் கூரையின்மேல் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பது நம்மிடம் உள்ள வழக்கம். தகரம் எழும்பும்போது அந்தக் கல் வீட்டில் இருப்பவர்மேலேயே விழும். கற்களை இறக்கிவிட்டு, தகரத்தைக் கொக்கி போல்ட்டுகளால் சட்டத்தோடு இறுக்குங்கள். கல்நார்த் தகடு வேய்ந்த வீட்டில் தகடு உடைந்து விழக்கூடும். புயல் இரவில் அங்கு தங்க வேண்டாம்.

சுவர்

கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நிற்கும் மண்சுவரில் ஆண்டுதோறும் விரிசல் விழுவது இதனால்தான். புயல் மழையில் சுவரின் அடி ஊறிவிட்டால், காற்று ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடச் சுவர் சாயும். தமிழ்நாட்டில் மழைக்காலந்தோறும் சுவர் இடிந்து உயிர் போவதைச் செய்தியில் கேட்கிறோம். வீட்டைச் சுற்றி மண்ணைச் சரிவாக அணைத்து, தண்ணீர் விலகி ஓட வாய்க்கால் எடுத்துவிடுங்கள். நனைந்த சுவரின் ஓரத்தில் பிள்ளைகளையும் முதியவர்களையும் படுக்க வைக்கக் கூடாது.

மரமும் மாடும்

வீட்டை ஒட்டி நிற்கும் முருங்கை எளிதில் முறியும். அதை மழைக்கு முன்பே வெட்டிக் குறைக்க வேண்டும். வேம்பு, புளி ஆகியவற்றில் கூரைமேல் நீண்ட கிளைகளைக் கழிக்கவும். கஜா அடித்த ஊர்களில் தென்னை சாய்ந்த இடத்தில் பனை நின்றதைப் பலரும் கண்டனர். நம் வறண்ட பூமிக்கே உரிய அந்த மரத்தை வரப்போரங்களில் வளர்ப்பது எதிர்காலத்துக்கு நல்ல காப்பு.

புயல் நேரத்தில் மாடுகளை மரத்தடியிலும் பலவீனமான கொட்டிலிலும் கட்டி வைக்கக் கூடாது. உறுதியான இடம் இல்லையென்றால், மின்கம்பிக்கும் மரத்துக்கும் எட்டி, மேடான இடத்தில் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவதே மேல். வைக்கோல் படப்பை மேலே மூடிக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

விதை, பத்திரம், தண்ணீர்

குலுக்கையின் அடி நனைந்தால் உள்ளே இருக்கும் தானியம் முளைத்துப் பூசணம் பிடிக்கும். விதை மூட்டைகளைச் சுவரில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். உர மூட்டைகளும் பூச்சிமருந்தும் தானியத்தோடும் குடிநீரோடும் சேராத உயரமான இடத்தில் இருக்கட்டும். பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லும்படி வையுங்கள்.

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறாது. ஆகவே சுற்றிலும் வெள்ளம் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாத நிலை வரும். அறிவிப்பு வந்ததுமே குடம், தொட்டி அனைத்தையும் நிரப்பி மூடி வைக்கவும். தீப்பெட்டி, மருந்து, சில நாளைக்கு அரிசி பருப்பு ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். கைப்பேசிக்கு முன்கூட்டியே மின்னேற்றிக் கொள்ளுங்கள்.

புயல் இரவிலும் அதற்குப் பின்னும்

காற்று வலுத்ததும் மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காற்று வரும் பக்கத்துக் கதவு, ஜன்னல்களைத் தாழிடுங்கள். அவை திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். வீடு பலவீனமானதென்றால் இருட்டுவதற்கு முன்பே பள்ளிக்கூடம் போன்ற காரைக் கட்டடத்துக்குக் குடும்பத்தோடு சென்றுவிட வேண்டும்.

நடுவில் காற்று திடீரென ஓய்ந்தால் புயல் போய்விட்டதென்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் தளர்ந்த கூரை அப்போதுதான் விழும்.

விடிந்ததும் அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடவோ, அப்பக்கம் மாட்டை ஓட்டவோ கூடாது. மின்வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருங்கள். குண்டாற்றிலும் ஓடைகளிலும் வெள்ளம் போகும்போது தரைப்பாலத்தைக் கடக்க வேண்டாம். காற்றே இல்லாமலும் பெருமழை வரும் என்பதை மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் நமக்கு அடுத்த தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது புயலால் வந்த மழை அல்ல. கண்மாய்க் கரையில் கசிவோ அரிப்போ கண்டால் உடனே ஊராட்சிக்கும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் 1077 எண்ணுக்கும் சொல்லுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இடிந்த வீட்டையும் சேதமடைந்த பயிரையும் அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். சாய்ந்த பயிரைத் தேற்றும் முறைகளைக் கோவிலாங்குளத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம்.

விவசாயப் பெருமக்களே, விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்ய எத்தனை நாள் உழைக்கிறோம்! அதில் ஒரே ஒரு நாளைக் கூரைக்கும் சுவருக்கும் ஒதுக்குங்கள். கட்டுக்கம்பியும் கொஞ்சம் சிமெண்டும்தான் செலவு. போன பயிரை அடுத்த பருவத்தில் விதைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் உறங்கும் உயிர்களுக்கு அடுத்த பருவம் கிடையாது. இந்தப் புரட்டாசியிலேயே வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.