மாட்டுறவன் கையும் பார்க்கிறவன் கண்ணும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அணுமின் நிலையங்களின் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அணுசக்தி வேண்டுமா, வேண்டாமா என்கிற விவாதம் காலை அமர்விலேயே சூடாக நடந்து முடிந்துவிட்டது. நான் அதற்குள் திரும்பப் போகவில்லை. எனக்குத் தெரிந்த வேலையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாதுகாப்புக்கென்று வைத்த கருவியைத் தப்பாக மாட்டியிருந்தால் அதை யார் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தவன் வாயைத் திறக்க முடியுமா? திறந்தால், 'உலையை நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாரிடமாவது இருக்கிறதா? இந்த மூணு கேள்விதான் என் பேச்சு.

நான் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டில் கேபிள் இழுத்துப் பிழைத்தவன். கேபிள் இழுக்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். விளக்கைத் தப்பா இணைச்சா எரியாது. மோட்டாரைத் தப்பா இணைச்சா தலைகீழாச் சுத்தும். அப்பவே தெரிஞ்சிடும். மேஸ்திரி திட்டுவார், திருத்திடுவோம். பாதுகாப்புக் கருவி அப்படி இல்லை. இருபது வருஷம் அது சும்மாவே கிடக்கும். தீப்பிடிக்கிற அன்னைக்கு, பூமி ஆடுற அன்னைக்குத்தான் அதுக்கு வேலை. தப்பா மாட்டியிருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதனால்தான் மாட்டுகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் இன்னொருவன், இரண்டு பேருக்கும் மேலே நிலையத்தோடு சம்பந்தமில்லாத ஓர் ஒழுங்குமுறை அமைப்பு என்று மூன்று அடுக்கு வைக்கிறார்கள். காகிதத்தில் இந்த மூன்று அடுக்கும் எல்லா நாட்டிலும் உண்டு. நடைமுறையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். 1975 மார்ச் 22. கேபிள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில் சந்தை அடைக்க வேண்டும், காற்று கசியக் கூடாது. அடைக்க வைத்த பொருள் பாலியூரித்தேன் நுரை. எரியக்கூடியது. காற்று கசிகிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன்கள் கையில் இருந்தது மெழுகுவத்தி. சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கிற முறை. அணு உலையில் இதுதான் சோதனைக் கருவி! சுடர் நுரையைத் தொட்டது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் நாசமாயின.

இதில் நாம் பார்க்க வேண்டியது மெழுகுவத்தியை மட்டுமல்ல. ஒரு கருவி கைவிட்டால் இன்னொன்று உதவ வேண்டும் என்றுதான் இரட்டையாக வைக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் போகிற கேபிள்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒரே தீயில் இரண்டும் போயிற்று. முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. வேறு பம்புகளை வைத்துத்தான் உலையைக் காப்பாற்றினார்கள். வாசல் ரெண்டு வச்சு, போற வழியை ஒண்ணா வச்ச கதை.

அதற்கு முன்பு அமெரிக்காவில் அணுசக்தியை வளர்க்கிற வேலையும் அதைக் கண்காணிக்கிற வேலையும் ஒரே ஆணையத்திடம் இருந்தன. இது சரிப்படாது என்று 1974-இல் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். 1975 ஜனவரியில் தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. பிரவுன்ஸ் ஃபெர்ரி தீயிலிருந்து பாடம் எடுத்து அது 1980-இல் ஒரு விதி போட்டது. இரட்டைக் கேபிள்களுக்கு நடுவில் 20 அடி இடைவெளி இருக்க வேண்டும். அல்லது மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மணி நேரத் தடுப்போடு தானாகத் தீயணைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 'தெர்மோ-லாக்' என்று ஒரு தீத்தடுப்புப் பொருளை வாங்கிப் பல நிலையங்கள் கேபிள்களைச் சுற்றி மூடின. சொன்ன நேரம் அது தீயைத் தாங்காது என்று 1992-இல் சோதனையில் தெரிந்தது. அதற்கு முன்பே புகார்கள் வந்திருந்தன; ஆணையம் உரிய காலத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்காவைக் கும்பிடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தனி ஆணையம் இருந்தாலே போதாது, அதை வெளியிலிருந்து உலுக்க ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது கலிபோர்னியா, டியாப்லோ கேன்யன். கடற்கரையில் கட்டிய நிலையம். கட்டத் தொடங்கிய பிறகு, சில மைல் தூரத்தில் கடலுக்கடியில் நிலநடுக்கப் பிளவு ஒன்று இருப்பது தெரிந்தது. அதனால் குழாய்களையும் கருவிகளையும் நிலநடுக்கத்தில் பிடித்து நிறுத்துகிற தாங்கிகளைப் பலப்படுத்தினார்கள். 1981 செப்டம்பரில் மக்கள் வாசலை மறித்துப் போராடினார்கள். இரண்டு வாரத்தில் சுமார் 1,900 பேர் கைது. அதே நாட்களில் ஆணையம் முதல் உலைக்குக் குறைந்த திறனில் இயக்க லைசென்ஸ் கொடுத்தது.

செப்டம்பர் முடிவதற்குள், கம்பெனியின் சொந்தப் பொறியாளர் ஒருவரே தப்பைக் கண்டுபிடித்தார். அங்கே இருக்கிற இரண்டு உலைகளும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி. ஒன்றில் இடது பக்கம் இருப்பது மற்றதில் வலது பக்கம். முதல் உலைக்கான தாங்கிகளைக் கணக்குப் போடும்போது இரண்டாவது உலையின் வரைபடத்தை வைத்துப் போட்டுவிட்டார்கள்! இடது கைச் செருப்பு, வலது கைச் செருப்பு என்று நம்ம ஊர்ல கேலி பண்ணுவோமே, அதேதான். தாங்கிகள் இருந்தன, பலமாகவும் இருந்தன. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 1981 நவம்பரில் ஆணையம் லைசென்ஸை நிறுத்திவைத்தது. வெளியாட்களை வைத்து மறு ஆய்வு நடந்தது, மேலும் பல பிழைகள் வெளியே வந்தன. முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்க 1985 ஆயிற்று.

வாசலில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து 'தொழில்நுட்பம் தெரியாத கூட்டம்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் போட்ட கணக்குத்தான் தலைகீழாக இருந்தது. ஆனாலும் இங்கே நம் மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். கண்டுபிடிக்க ஆள் இருந்தது. சொன்ன விஷயம் மேலே போயிற்று. நிறுத்துகிறவனுக்கு அதிகாரம் இருந்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் நரோரா அணுமின் நிலையம். 1993 மார்ச் 31 விடியற்காலை. டர்பைனில் இரண்டு தகடுகள் முறிந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள் வழியாகப் பரவியது. அசலும் மாற்றும் ஒரே பாதையில், நடுவில் சரியான தீத்தடுப்பு இல்லாமல். பிரவுன்ஸ் ஃபெர்ரி எரிந்து 18 வருஷம் கழித்து! நிலையம் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. கண்ட்ரோல் ரூமில் புகை. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப்போய், கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். தீயணைக்க வைத்திருந்த டீசல் பம்புகளின் தண்ணீரால் உலையின் சூட்டைத் தணித்தார்கள். அந்தத் தொழிலாளிகளின் துணிச்சல்தான் அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது.

இந்த நிலையங்களைக் கண்காணிக்க வேண்டியது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-இல் அரசாணை மூலம் உருவாக்கப்பட்டது. அது பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். நிலையங்களை நடத்துவதும் அதே துறையின் கீழ் உள்ள கழகம்தான். வீட்டுக்காரனே காவல்காரனுக்குச் சோறு போடுகிற ஏற்பாடு. 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த அ. கோபாலகிருஷ்ணன், நிலையங்களில் சரிசெய்ய வேண்டிய சுமார் 130 பாதுகாப்புப் பிரச்சினைகளைத் தொகுக்க வைத்தார். பதவியிலிருந்து வந்த பிறகு, வாரியத்துக்குச் சுதந்திரம் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதினார். 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் இதையே சொன்னது: வாரியத்துக்கு விதி போடும் அதிகாரம் இல்லை, அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை, சட்டத்தில் இருக்கிற அபராதத் தொகையும் யாரையும் பயமுறுத்தாத அளவுக்குக் குறைவு.

கல்பாக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2003 ஜனவரி 21. அங்குள்ள மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் கூடிய கதிரியக்கக் கழிவு வீரியம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் வந்துவிட்டது. தெரியாமல் உள்ளே போன ஆறு ஊழியர்கள் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். எச்சரிக்க வேண்டிய கதிர்வீச்சு அளவிகள் அந்தப் பகுதியில் மாட்டப்படவே இல்லை. இங்கே தப்பா மாட்டின பிரச்சினைகூட இல்லை, மாட்டவே இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் உள்ள அந்த ஆலை 2000-ஆம் ஆண்டிலேயே ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. ஊழியர் சங்கம் சில நாட்களிலேயே கடிதம் எழுதியது, வேலைநிறுத்தம் செய்தது. முன்னின்ற சிலர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். நிர்வாகம் பத்திரிகைகளிடம் ஒப்புக்கொண்டது ஆகஸ்டில். ஆறு மாதத்துக்கும் மேல்!

இதோடு தென்கொரியாவை ஒப்பிட்டுப் பாருங்கள். 2011-இல் தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தார்கள். 2013 மே மாதம், கட்டுப்பாட்டுக் கேபிள்களுக்குப் போலிச் சோதனைச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பெயர் சொல்லாத ஒருவரின் தகவலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த இரண்டு உலைகளை உடனே நிறுத்த உத்தரவு. கோடைகாலம், மின்சாரத் தட்டுப்பாடு. இருந்தும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டிலேயே 100 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. ஊழல் அங்கேயும் உண்டு. ஆனால் கீழேயிருந்து வந்த ஒரு குரலுக்கு மேலே ஒரு கை அசைந்தது.

அந்தக் கீழே இருக்கிற குரல் யாருடையது? இதுதான் நமக்கான இடம். கேபிளை இழுப்பவன், சந்தை அடைப்பவன், கதிர்வீச்சுள்ள இடத்தைக் கழுவப் போகிறவன் பெரும்பாலும் காண்ட்ராக்டுக்குள் காண்ட்ராக்ட் என்று அடுக்கின் அடியில் இருப்பவன். ஃபுகுஷிமாவில் 2011 விபத்துக்குப் பிறகு வேலைக்குப் போன கீழ்நிலைக் காண்ட்ராக்ட் தொழிலாளர்களிடம், கதிர்வீச்சு அளவியை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அளவு கூடிவிட்டால் வேலைக்கு அனுப்ப முடியாதே! 2012-இல் இது வெளியே வந்தது. நான் வேலை பார்த்த ஒரு அனல்மின் நிலையக் கட்டுமானத்தில், இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் ஹெல்மெட்டும் கையுறையும் கொடுப்பார்கள். ஜீப் கேட்டைத் தாண்டியதும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சுவரில் அடைக்காத சந்து எங்கெங்கே இருக்கு என்று எங்களுக்குத் தெரியும். கேட்க வந்த யாரும் எங்களைக் கேட்டதில்லை. சொன்னால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது. மலக்குழியில் இறக்கப்படுகிறவனுக்கும் சட்டப்படி எல்லாக் கவசமும் உண்டு, காகிதத்தில். இரண்டும் ஒரே கதைதான்.

2011-இல் வந்த அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை மசோதா நிறைவேறாமலே 2014-இல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருகிறது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. அதோடு தனியாருக்கும் கதவைத் திறக்கிறது. அந்தஸ்து வந்தது நல்லதுதான். ஆனால் அதை மூன்று கேள்வியால் அளக்க வேண்டும். ஆய்வறிக்கை முழுசா மக்கள் கைக்கு வருமா? மின் உற்பத்தி நஷ்டமானாலும் பரவாயில்லை என்று உலையை நிறுத்த வாரியம் துணியுமா? குறையைச் சொல்கிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு மறுநாளும் வேலை இருக்குமா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வராதவரை முதல் இரண்டும் நிற்காது. உள்ளே என்ன தப்பு என்பது மாட்டுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். மாணவத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வறிக்கைகளைக் கேளுங்கள், மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்களுக்குச் சங்கம் கட்டுவது கூலிக்கான வேலை மட்டும் இல்லை தோழர்களே. அது அணு உலையின் பாதுகாப்பு வேலையும்தான்.

மீதியை விவாதத்தில் பேசுவோம்.