எழுதும் கைக்கு எது துணை?



கம்ப்யூட்டரில் எழுதக் கீபோர்டு உசத்தியா, மௌஸ் உசத்தியா? இரண்டையும் சண்டைக்கு விடவே வேண்டாம் என்பேன். 1968-இல் சான்பிரான்சிஸ்கோவில் மௌஸை ஊரறியக் காட்டிய டக்ளஸ் எங்கல்பார்ட், மறு கைக்கு ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையையும் வைத்திருந்தார்.

நம் சென்னையில் 1999 பிப்ரவரியில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அதையொட்டி வந்த தமிழ்99 பலகையில் உயிரெழுத்துகள் இடது கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்றெழுத அ, ம, ம, ஆ என நாலே தட்டு; புள்ளி தானாக விழும். மயிலாப்பூர் சபாவில் மிருதங்கம் கேட்பது போல இரு கையும் மாறி மாறிப் பேசும். நடுவில் ஒரு கை மௌஸைத் தேடிப் போனால் தாளம் என்னாகும்?

புதிதாக வருபவருக்கு மெனுவும் மௌஸும் நல்ல வழிகாட்டி, மறுக்கவில்லை. ஆனால் நம் வயசில் விரல் நடுங்கும். கடுகத்தனை குறியில் அம்பை நிறுத்துவதற்குள் நினைத்த வரி மறந்துபோகிறது. வாழ்க்கைக் கதை எழுத ஆரம்பித்து, இதனாலேயே நிறுத்தியவர்கள் நம் செட்டிலேயே உண்டு.

மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மௌஸால் செய்கிற ஒவ்வொன்றையும் விசையாலும் செய்ய விடுங்கள். எந்த விசை என்பதை மெனுவிலேயே பக்கத்தில் காட்டுங்கள். நின்றுபோன கதைகள் மறுபடி நகரும்.