விடுதலை எந்த வழியாய் வரும்?



நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற விண்ணப்பம் வேலையைப் பற்றியது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், பொதுவாக 60 நாள் வரைதான் அவகாசம். அந்த நாட்களைக் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்த வீடுகள் நம் நடுவில் உண்டு. சிலருக்கு வேலை கிடைத்தது. சந்தோஷமாய்ச் சாட்சி சொன்னார்கள். சில குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பின. அவர்களுக்காகவும் இதே முழங்கால்களில்தான் ஜெபித்தோம். கர்த்தர் அவர்களைக் கைவிட்டுவிட்டாரா?

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏரோது பேதுருவைச் சிறையில் போடுகிறான். சபை ஊக்கமாய் ஜெபிக்கிறது. தேவதூதன் வருகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக் கதவு தானாய்த் திறக்கிறது. பிள்ளைகளே, இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். கதவைத் தட்டின பேதுருவை உள்ளே விடாமலே ஓடிப்போன ரோதையையும் தெரியும். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். அவரும் இயேசுவின் சீஷர்தான். பேதுருவுக்கு விசுவாசம் அதிகம், யாக்கோபுக்குக் குறைவு என்று வேதம் சொல்லவில்லை. நாமும் சொல்லக்கூடாது.

நம் காலத்துக்குக் கிட்ட வருவோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-இல் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. கால்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கைகள் இருந்தன. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், அதை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவருக்கு வழி காட்டினார். நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தும் சிகிச்சை அது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மேரி அதைச் செய்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழும்பியது. அவரைப்போல் தண்டுவடம் அடிபட்டவர்கள் அங்கே மறுபடி வாழக் கற்றுக்கொண்டார்கள். 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

நாற்காலியிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. நாற்காலியோடேயே கிடைத்தது. அது மற்றவர்களுக்கும் விடுதலையாயிற்று.

விசுவாசம் இருந்தால் எழுந்து நடந்திருப்பீர்களே என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்களை நர்ஸாக நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் போனபின் நோயாளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அன்றைக்குச் சாப்பாடும் இறங்காது. துன்பத்தின்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைக்க வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். கஞ்சியைக் கையில் கொடுங்கள். சுகத்துக்காக ஜெபியுங்கள், தைரியமாய் அற்புதத்தையும் கேளுங்கள். பேதுருவின் கதவைத் திறந்தவர் இன்றும் திறக்க வல்லவர். ஆனால் நம் நம்பிக்கை கதவின்மேல் அல்ல, கர்த்தர்மேல் இருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பின குடும்பங்களுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். கர்த்தர் அங்கே அவர்களை எப்படி நடத்துகிறார் என்று கேளுங்கள். அதுவும் சாட்சிதான், அதையும் நம் சபையில் சொல்லுவோம்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டது கிடைக்காத நாளில் இயேசு உங்கள்மேல் கோபமாய் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அழுகை வந்தால் அவரிடமே அழுங்கள். பிறகு உங்கள் கையில் என்ன மீதியிருக்கிறது என்று பாருங்கள். அதை அவரிடம் கொடுங்கள்.

கர்த்தர் தாமே நம் சபையையும் குடும்பங்களையும் தாங்கி நடத்துவாராக. ஆமென்.