மித்தி ஆறு கூறும் கணக்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் இலக்கியமும் மணக்கும் இவ்விழாவிலே கழிவுநீரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நீரின் சிறப்பை வள்ளுவர் வழி போற்றும் நாம், நம் குடியிருப்புகளின் அருகே ஓடும் நீரின் நிலையை அறியாதிருத்தல் முறையன்று.

விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரால் பிறந்து, குர்லா, கலினா, தாராவி வழியே சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் விரிகுடாவில் கலப்பது மித்தி ஆறு. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் குடியேறிய தாராவி இதன் கரையில் உள்ளது. 2005 ஜூலை 26ஆம் நாள் ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இவ்வாறு கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்ததை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. அன்று புகுந்தது மழைநீர் மட்டுமா? அதனோடு கழிவுநீரின் கிருமிகளும் புகுந்தன.

நீரிலுள்ள ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியே தேடுதல் அரிது. ஆதலின் மனிதக் குடலில் வாழும் கோலிபார்ம் இனத்தை எண்ணி, மலம் கலந்த அளவை அறிகின்றனர். இவ்வினத்தைச் சேர்ந்த ஈ. கோலியை 1885இல் எஷரிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விளக்கினார். குளிக்கும் நீரில் மலக் கோலிபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருத்தல் விரும்பத்தக்கது. 2,500க்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு அளவுகோல்.

ஓடையில் கிருமிகள் எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க அறிஞர்கள் கணித மாதிரிகளை அமைக்கின்றனர். இது நம் இல்லத்து வரவு செலவுக் கணக்கைப் போன்றதே. நாலாக்கள் கொணரும் கழிவுநீரும், மழை கிளறிவிடும் அடிச்சேறும் வரவு. வெயிலாலும் கடல் உப்பாலும் கிருமிகள் மடிவதும், தூயநீர் கலந்து செறிவு குறைவதும் செலவு. கடலோர ஓடைக்கு மற்றொன்றும் உண்டு. ஓதம் ஏறும்போது, கடலுக்குச் சென்ற நீரே திரும்பி வருகின்றது. செலவெனக் கருதியது மீண்டும் வரவாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 100 மில்லிலிட்டரில் 10 லட்சம் கிருமிகள் உள்ளன. நாளொன்றுக்குப் பத்தில் ஒன்பது பங்கு மடிகின்றன எனக் கொள்வோம். முதல் நாள் முடிவில் ஒரு லட்சம், இரண்டாம் நாளில் 10,000, மூன்றாம் நாளில் 1,000 எஞ்சும். 2,500க்குக் கீழே இறங்க இரண்டரை நாளுக்கு மேல் வேண்டும். மழைக்காலத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் ஓடினும், 18 கிலோமீட்டரை இந்நீர் ஒன்பது மணி நேரத்தில் கடந்துவிடும். அப்போதும் நான்கு லட்சத்துக்கு மேல் உயிரோடிருக்கும். பேராறுகள் நெடுந்தொலைவு ஓடித் தம்மை ஓரளவு தூய்மைப்படுத்திக்கொள்ளும். சிற்றோடைக்கு அதற்குரிய காலம் இல்லை.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. கழிவில் பாதியைத் தடுத்துவிட்டால் பாதி வெற்றி என எண்ணுகிறோம். அவ்வாறன்று. 10 லட்சம் 5 லட்சமாகும். அதனால் கிட்டும் பயன் ஏழு மணி நேர ஓட்டத்தின் பயனே. பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்தாலும் ஒரு நாளின் பயனே உண்டு. அளவுக்குள் கொணர வேண்டுமாயின், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கினும் கூடுதலாகத் தடுத்தாக வேண்டும். எஞ்சிய ஒரே ஒரு நாலாவும் அனைத்து உழைப்பையும் வீணாக்கவல்லது.

ஆதலின், பெரும்பகுதி வேலை முடிந்தது என்ற சொல்லில் நாம் நிறைவடையலாகாது. நம் கட்டடத்துக் கழிவுக்குழாய் மழைநீர் வடிகாலில் சேர்கிறதா, கழிவுநீர்ச் சாக்கடையில் சேர்கிறதா என ஒவ்வொரு குடியிருப்புச் சங்கமும் ஆராய்தல் வேண்டும். சாக்கடை இணைப்பும் கழிப்பிடமும் இல்லாத குடிசைப் பகுதிகளுக்கு அவற்றைப் பெற்றுத்தர நாம் ஒன்றுபட்டுக் குரல் கொடுப்போம். அங்கு வாழும் எளியோரைக் குறை கூறுவதால் கிருமி ஒன்றும் குறையாது. வெள்ளநீரில் குழந்தைகள் விளையாடுவதைத் தாய்மார்கள் தடுக்க வேண்டும். அந்நாட்களில் குடிநீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும்.

பிழைக்க வந்த நமக்கு இம்மாநகரம் வாழ்வளித்தது. அதன் ஆற்றைக் காப்பது நம் கடமை.