கணக்கை ஒப்படைத்து விலகுதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசுவதே வழக்கம். செயலாளர் அவர்கள் நம்மை அழைத்தபோது நாமும் இராசேந்திர சோழனின் கடற்படையைப் பற்றித்தான் பேச எண்ணினோம். ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் இரயில்வே எழுத்தர் சோழர் வரலாறு பேசினால், இங்கே அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்கள் மன்னித்தாலும் சோழன் மன்னிக்கமாட்டான் என்று அஞ்சி, நமக்குத் தெரிந்த ஒன்றையே பேசத் துணிந்தோம். அது வருமானவரிக் கணக்கு. அதிலும், ஒருவருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வந்தவர், ‘இனி எம்மால் இயலாது’ என்று மரியாதையோடு சொல்லி விலகுவது எப்படி என்பது.

நமது உத்தியோகமே ஒரு வேடிக்கை. தண்டவாளம் இல்லாத தீவில் இருந்துகொண்டு, கடலுக்கு அப்பால் ஓடும் வண்டிகளுக்கு இடம் பதிவு செய்து கொடுக்கின்றோம். பகலில் பயணச்சீட்டுக்கு வந்தவர்கள், நாளடைவில் மாலை வேளையில் படிவம் 16ஐ எடுத்துக்கொண்டு வீட்டிற்கு வரத் தொடங்கினார்கள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தார், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள், மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வேலைக்காக வந்தவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். கூலி வாங்கியதில்லை, வாங்கவும் கூடாது. 1966ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15ஆம் விதி, அனுமதியின்றித் தனித்தொழில் செய்யலாகாது என்கிறது. கூலியின்றிச் சமூகத் தொண்டு செய்வதை அது தடுக்கவில்லை. காப்பி குடித்திருக்கின்றோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

கூலி இல்லாத உறவை முறிப்பது, கூலி உள்ள உறவை முறிப்பதைவிடக் கடினமானது. தொழில்முறை ஆடிட்டர், ‘இவ்வாண்டு வேலை மிகுதி, வேறிடம் பாருங்கள்’ என்று சொல்லிவிடலாம். எதிர்வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? மறுநாள் காலையில் அதே குழாயடி, அதே பேருந்து நிறுத்தம், மாலையில் அதே கோயில். சென்னையில் ஒருவரோடு மனம் கசந்தால் வேறு தெருவில் நடக்கலாம். தீவில் வேறு தெரு ஏது?

நாம் இதில் ஒரு முறை தவறினோம். அதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது நேர்மையாகாது. நாம் சொல்லப்போகிறவர் யார் என்று இவ்வவையில் எவரும் தேடவேண்டாம். அவரிடம் சொல்லி, ஒப்புதல் பெற்றே சொல்லுகின்றோம், அடையாளங்களையும் மாற்றியிருக்கின்றோம். அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்போம்.

அண்ணாச்சிக்கு நாம் 9 ஆண்டுகள் கணக்கு எழுதினோம். சிவில் இலாகா ஒன்றில் உத்தியோகம். ஒரு சமயம், பக்கத்து வீட்டுப் படைவீரருக்குத் தீவுப்பணிப் படியில் மாதம் 3,250 ரூபாய்க்கு வரிவிலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, தமக்கும் அதையே எழுதச் சொன்னார். அது முப்படையினருக்கு மட்டும் 1962ஆம் ஆண்டு விதிகள் தந்த சலுகை என்று எடுத்துச் சொன்னோம், ஏற்றுக்கொண்டார். இன்னொரு சமயம் வாடகை ரசீது கொண்டுவந்தார். அரசுக் குடியிருப்பில் குடியிருந்துகொண்டே வாடகைக் கழிவா என்று கேட்டோம், அவரே சிரித்துவிட்டார். இப்படி நகைத்துப் பேசித் தீர்க்கக்கூடிய உறவாகத்தான் அது இருந்தது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் அரசியல் கட்சிக்கு நன்கொடை அளித்ததாக ரசீது ஒன்றை நீட்டினார். காசோலையாகக் கொடுத்தால், தரகுபோக மீதியைப் பணமாகத் திருப்பித் தருவார்களாம். கொடுத்தது முழுவதற்கும் வரிக்கழிவாம். வழி சொன்னவர் அக்கரையில் இருக்கும் ஒரு முகவர். நமக்கு உடல் கூசியது. ஆயினும் 9 ஆண்டுப் பழக்கம். நம் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது நள்ளிரவில் வண்டி கொண்டுவந்தவர் அவர். ‘முடியாது’ என்ற சொல் நாவில் எழவில்லை. ‘பார்க்கலாம் அண்ணாச்சி’ என்றோம்.

பெரியோர்களே, தமிழர் வீடுகளில் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சொல்லுகிறவர் ‘மாட்டேன்’ என்று எண்ணிச் சொல்லுவார். கேட்கிறவர் ‘ஆகட்டும்’ என்று எடுத்துக்கொள்ளுவார். பெண் கேட்க வந்தவரிடம் சொன்னால் அவராகவே புரிந்துகொண்டு போய்விடுவார். வரிக்கணக்கில் அது செல்லாது. ஏனெனில் வரிக்கணக்குக்கு நாள் குறித்திருக்கிறது.

ஜூலை மாதம் முழுவதும் அவரைக் கண்டால் வேறு பேச்சுப் பேசினோம். ஜூலை 31 கடந்தது. அவர் நாம் எழுதிவிட்டோம் என்று நம்பியிருந்தார். நாம் அவர் வேறிடம் சென்றிருப்பார் என்று நம்மையே ஏமாற்றிக்கொண்டிருந்தோம். காலம் தாழ்த்தியதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். அது போகட்டும், நாமே கொடுத்திருப்போம். பெரிய இழப்பு வேறு. அவ்வாண்டு முதல் புதிய வரிமுறைதான் இயல்பான முறை; பழைய முறையை விரும்புகிற சம்பளக்காரர் குறித்த நாளுக்குள் விவரம் தாக்கல் செய்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் தவறினால் பழைய முறை கிடையாது. வீட்டுக்கடன் வட்டி, சேமநிதி, பிள்ளையின் கல்விக்கட்டணம் ஆகியவற்றிற்கு நேர்மையாக அவருக்கு உரிய கழிவுகள் அனைத்தும் போயின. பொய்யான ஒரு ரசீதை மறுக்கத் துணிவின்றி, மெய்யான பல ரசீதுகளை வீணாக்கினோம்.

அதன்பின் பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயிலில் காவடிக் கூட்டத்தில் எதிரெதிரே வந்தோம். அவர் நம்மைக் கடந்து பார்த்தார். நாம் பொய்க்கு உடன்படவில்லை என்பதை அவர் அறியார். நாம் சோம்பேறி என்றே அறிந்தார். அதில் அவர்மீது குற்றமில்லை. காரணத்தை நாம் சொல்லவே இல்லையே!

தொழில்முறை ஆடிட்டர்களுக்கு இதில் வகுத்த நெறி உண்டு என்பதை அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே தேடிப் படித்தோம். 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி, ஒருவர் பார்த்த தணிக்கைப் பொறுப்பை இன்னொருவர் ஏற்கும்போது, முன்னவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் ஏற்பது ஒழுங்கீனம். கட்சிக்காரரின் செய்தியை அவர் இசைவின்றியும் சட்டத்தின் தேவையின்றியும் வெளியிடுவதும் ஒழுங்கீனம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, தணிக்கையாளர் பதவி விலகினால் 30 நாளுக்குள் காரணத்தோடு பதிவாளருக்கு அறிக்கை தரவேண்டும். 2018 மே மாதத்தில் வதோதராவின் மன்பசந்த் என்ற குளிர்பானக் கம்பெனியிலிருந்து டெலாய்ட் நிறுவனத்தார், கேட்ட முக்கியத் தகவல்கள் கிடைக்கவில்லை என்று எழுதி விலகினார்கள். பங்கு விலை சரிந்தது. அங்கே காரணத்தை ஊரறியச் சொல்லித்தான் ஆகவேண்டும். பங்கு வாங்கிய பல்லாயிரம் பேருக்கு அது உரிய செய்தி. நம்மைப் போன்றவர் நிலை அதற்கு மறுதலை. ஒருவருடைய சம்பளம், கடன், மருத்துவச் செலவு ஆகியவை நமக்குத் தெரியும். காரணத்தை அவரிடம் மட்டும், முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அவர் மனைவியாரிடம்கூட நாம் சொல்லலாகாது. ‘அவர் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று குழாயடியில் கேட்பவருக்கு, ‘நமக்கு நேரமில்லை’ என்பதே போதும். அந்த ஒரு பொய்யை முருகன் பொறுத்துக்கொள்வான்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் ஒரு விலகல் வந்தது. இம்முறை காரணம் வேறு. சுற்றுலா நிறுவனம் ஒன்றில் சம்பளம் பெறும் தம்பி ஒருவர் பங்குச் சந்தையில் முன்பேர வணிகம் செய்யத் தொடங்கியிருந்தார். அதை வணிக வருமானமாகக் காட்டவேண்டும். நாம் எழுதிப் பழகிய சம்பளக்காரர் படிவம் அதற்கு உதவாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதி, பின்னால் அவருக்கு நோட்டீசு வரச்செய்வதைவிட விலகுவதே மேல் என்று முடிவு செய்தோம். வீட்டிற்கு அழைத்து, காப்பி கொடுத்து, முதலில் வாயால் சொன்னோம். பிறகு கடிதத்தைக் கையில் கொடுத்தோம். தம்பி அதை இங்கே படிக்க இசைந்திருக்கிறார். பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதால் படிக்கின்றோம்:

“அன்புள்ள தம்பிக்கு வணக்கம். 4 ஆண்டுகளாக உங்கள் வருமானவரி விவரத்தை எழுதும் பொறுப்பை எம்மிடம் நம்பி ஒப்படைத்தீர்கள், நன்றி. இப்போது உங்களுக்குச் சம்பளத்தோடு வணிக வரவும் சேர்ந்துள்ளது. அதைப் பிழையின்றி எழுதும் பயிற்சி எமக்கு இல்லை. ஆதலின் இவ்வாண்டு முதல் உங்கள் கணக்கை எழுத இயலாத நிலையில் உள்ளோம். சென்ற ஆண்டு வரையிலான விவரங்கள் தாக்கல் செய்யப்பட்டுச் சரிபார்ப்பும் முடிந்துள்ளது. விடையளிக்காத நோட்டீசு எதுவும் இல்லை. இவ்வாண்டு விவரம் எழுதப்படவில்லை. அதை உரிய நாளுக்குள் தேர்ந்த ஒருவரைக்கொண்டு எழுதுவிக்க வேண்டுகிறோம். உங்கள் தாள்கள் 23 இத்துடன் உள்ளன. எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுக. புதியவர் பழைய கணக்கைப் பற்றிக் கேட்டால், உங்கள் இசைவோடு விளக்கம் தர எப்போதும் ஆயத்தமாயிருக்கிறோம்.”

தம்பியை ‘நீங்கள்’ என்று எழுதியது அதுவே முதன்முறை. படித்துவிட்டு, ‘என்ன அண்ணே, கோர்ட்டுக் கடிதம் மாதிரி இருக்கிறதே!’ என்றார். ஆனால் தாள்களை எண்ணினார், கையெழுத்தும் இட்டார். இன்றும் அவர் நம் வீட்டுக் காப்பிக்கு வருகிறார்.

மே மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்குமுன் செயற்கைக்கோள் இணைப்பை நம்பி, ஜூலைக் கடைசியில் ஒரு பக்கம் திறக்க இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் இங்கே பலர் இருக்கின்றார்கள். இப்போது இணைப்பு விரைவாகிவிட்டது. ஆனால் புதிய ஆள் தேடுவதற்கு வேண்டிய நாளைக் கம்பிவடம் தருவதில்லை. கடைசி வாரத்தில் கைவிடுவது, நடுக்கடலில் கப்பலிலிருந்து இறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பொய்க் கழிவு கேட்பவரிடம் விலகும்போது கூடுதலாக ஒன்று சொல்லவேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 278ஆம் பிரிவு, பொய்யான விவரம் தருவதற்குத் துணைநின்றவரையும் தண்டிப்பது. 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அதன் இடத்தை ஏற்றாலும், பிரிவு எண் மாறுமேயன்றிப் பொய் மெய்யாகாது. ‘அண்ணாச்சி, உங்களுக்கு அபராதம், நமக்குச் சிறை, நம் பிள்ளைகளுக்குத் தலைகுனிவு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். 2025 ஜூலை 14ஆம் நாள் வருமானவரித் துறையினர் நாடெங்கும் போலிக் கழிவு எழுதிக்கொடுக்கும் முகவர்கள்மீது சோதனை தொடங்கினார்கள். அதற்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே விவரத்தைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாக அரசு அறிவித்தது. முகவர்களில் சிலர் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைப் படைத்து, விவரம் தாக்கல் செய்தபின் கைவிட்டுவிட்டனர். துறையின் நோட்டீசுகள் எவரும் திறக்காத அம்முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இச்செய்தியைப் படித்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் முகவரல்லோம், ஆயினும் மின்னஞ்சல் இல்லாத பெரியவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நம் முகவரியையே கொடுத்து வந்திருக்கின்றோம். மறுநாள் காலை அண்ணாச்சியின் வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டினோம். அவர் பெயரில் இன்னும் நம் முகவரிதான் இருந்தது. நடந்த அனைத்தையும், அந்த ‘பார்க்கலாம்’ உட்பட, நின்றபடியே சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அன்றைக்கே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருப்பேன்’ என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து வந்தார். முகவரியை மாற்றினோம். கடவுச்சொல்லைத் திரும்பி நின்றுகொண்டு அவரையே புதிதாக எழுதச் சொன்னோம். அவருடைய 9 ஆண்டுத் தாள்களை அன்று மாலையே ஒப்படைத்தோம்.

நம் கையேட்டில் இன்னும் 14 குடும்பத்தாரின் கணக்கு நம் மின்னஞ்சல் முகவரியில் இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் இவ்வவையில் இருக்கின்றார்கள். விருந்து முடிந்ததும் நூலக அறையில் மேசை போட்டு அமர்ந்திருப்போம். கைப்பேசியும் மூக்குக்கண்ணாடியும் மறவாமல் கொண்டுவருக. பிள்ளைகளில் ஒருவரையும் உடன் அழைத்து வந்தால் நலம், ஓ.டி.பி. வருவதற்குள் பலருக்குக் கண்ணாடி கிடைப்பதில்லை.