இதயத்தைப் பார்க்கப் போனோம், நுரையீரலில் 5 மில்லிமீட்டர்

இந்த எபிசோடைப் பதிவு பண்ணலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். "பேரைச் சொல்லாம பேசு"ன்னார். அதனால அவர் இதுல வெறும் அப்பா.

2024 ஆகஸ்ட். மாடிப்படி ஏறினா நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு அப்பா ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தார். வயசு 61. பத்து வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் சிகரெட் உண்டு. ட்ரெட்மில் டெஸ்ட்ல தெளிவா ஒண்ணும் தெரியலை, அதனால சிடி கொரோனரி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னாங்க. நாடித்துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, கையில ஊசி வழியா ஒரு சாய மருந்து, கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிக்கணும். அவ்வளவுதான். மறுநாள் ஹார்ட் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "பெரிய அடைப்பு எதுவும் இல்லை, மாத்திரை போதும்"னார். திரும்பி வர்ற வழியில அப்பா ரெண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டார். நாங்க யாரும் தடுக்கலை.

ராத்திரி 11 மணிக்கு அந்த ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி வைக்கலாம்னு எடுத்தேன். மூணாவது பக்கம், கையெழுத்துக்கு நேர் மேல, ஒரே ஒரு வரி. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டர் நாட்யூல், அதாவது சின்ன முடிச்சு. பக்கத்துலயே 'கிளினிக்கலி கோரிலேட்'. யார் கோரிலேட் பண்ணணும்? டாக்டர் அந்தப் பக்கத்தைத் திருப்பினாரான்னே எனக்குத் தெரியாது. அப்புறம் நான் என்ன பண்ணியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். விடியற்காலை 3 மணி வரைக்கும் கூகுள்.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா எனக்கு அதுதான் ஆச்சரியமா இருந்துச்சு. ஹார்ட் சிடின்னு பேர் வெச்சாலும் எக்ஸ்ரே இதயத்தை மட்டும் தேடிப் போறதில்லை. அந்த மட்டத்துல நெஞ்சு முழுக்கக் குறுக்கே பாயுது. நுரையீரலின் ஒரு பகுதி, உணவுக்குழாய், கல்லீரலின் மேல்பகுதி, விலா எலும்பு, முதுகெலும்பு எல்லாமே டேட்டாவுல வந்துடும். அந்த மூல டேட்டாவுல இருந்து மென்பொருள் இதயத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தை மட்டும் பெருசாக்கிப் படமாக் காட்டும். அதே டேட்டாவை அகலமாவும் படமாக்கலாம், கூடுதல் கதிர்வீச்சு ஒரு துளிகூட வேண்டாம். நம்ம மொழியில சொன்னா, கேமரா ஏற்கனவே எடுத்துடுச்சு, நாம க்ராப் பண்ணிப் பார்க்கிறோம்.

அப்போ அகலமாத் திறந்து பார்க்கணுமா, வேண்டாமா? ரேடியாலஜி உலகத்துல இது ரொம்ப நாளா நடக்கிற சண்டை. பார்க்காம விட்டா ஒரு ஆரம்பக்கட்டப் புற்றுநோய் தப்பிப் போகலாம். பார்த்தா, எந்தக் கெடுதலும் பண்ணாத நூறு விஷயங்களுக்குப் பின்னாடி ஓடணும். தென் கொரியாவுல தைராய்டு கதை தெரியுமா? மத்த பரிசோதனைகளோட சேர்த்து கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் பார்க்க ஆரம்பிச்சாங்க. 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய், 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அதனால இறந்தவங்க எண்ணிக்கை மாறவே இல்லை. ஆனா ஆயிரக்கணக்கானவங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுறாங்க.

நான் இன்னும் 'பார்க்கணும்' கட்சிதான். ஆனா பார்த்ததை எழுதினா, அடுத்து என்ன செய்யணும்னும் எழுதுங்க. எச்சரிக்கையை மட்டும் லாக்ல தள்ளிட்டுப் போற கோடு எழுதினா என் டீம் லீட் என்னை விடமாட்டார்.

அந்த 'அடுத்து என்ன'வுக்கு உண்மையிலேயே ஒரு விதிமுறை இருக்கு. ஃப்ளைஷ்னர் சொசைட்டின்னு நெஞ்சுப் படங்களுக்கான மருத்துவர் அமைப்பு 2017-ல் புதுப்பிச்சது. 35 வயசுக்கு மேல, புற்றுநோயோ நோய் எதிர்ப்புக் குறைபாடோ இல்லாதவங்களுக்கு. கெட்டியான ஒத்தை முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் கீழன்னா, ரிஸ்க் குறைவா இருக்கிறவங்களுக்கு மறுபடி ஸ்கேன் தேவையில்லை. சிகரெட் மாதிரி ரிஸ்க் இருந்தா, விரும்பினா 12 மாசம் கழிச்சு ஒண்ணு. 6-லிருந்து 8 வரைக்கும் 6 முதல் 12 மாசத்துல மறுபடி பார்க்கணும். 8-க்கு மேல போனாத்தான் மூணு மாசத்துல சிடி, இல்லைன்னா பெட் ஸ்கேன், பயாப்ஸின்னு பேச்சு வரும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல காசநோய் அதிகம். எப்பவோ வந்து தானா ஆறின காசநோய்த் தழும்புகூட இப்படி ஒரு முடிச்சாத் தெரியும்.

இதெல்லாம் படிச்சும் நான் அப்பாகிட்ட சொல்லலை. மூணு நாள். அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசாம எழுந்து போய் பீரோவைத் திறந்தாங்க. ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் வைக்கிற பையில இருந்து ஒரு சிடி தட்டை எடுத்து நீட்டினாங்க. "கொரோனா அப்போ எடுத்தது. இது உதவுமா?"

2021 மே. ரெண்டாவது அலை. அப்பாவுக்கு அப்போ நெஞ்சு முழுக்க சிடி எடுத்திருந்தோம். நான் சுத்தமா மறந்துட்டேன்.

அதைப் போட்டுப் பார்க்க வீட்ல எந்த லேப்டாப்லயும் டிரைவ் இல்லை. எதிர் ஃப்ளாட் அண்ணன்கிட்ட ஒரு யூஎஸ்பி டிரைவ் கடன் வாங்கி, படங்களைக் காப்பி பண்ணி, ரெண்டு ஸ்கேனையும் தூக்கிக்கிட்டு வேற ஒரு ரேடியாலஜிஸ்ட்கிட்ட போகணும். அப்பாவைக் கூட்டிக்கிட்டுத்தான் போகணும், அதனால அன்னைக்குக் காலையில சொன்னேன். காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "எவ்வளவு பெருசு?"ன்னார். "மிளகு அளவு"ன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

அந்த டாக்டரம்மா ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு உருட்டினாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. "அன்னைக்கும் இருந்திருக்கு. அதே இடம், அதே அளவு." 2021 ரிப்போர்ட்ல அது இல்லவே இல்லை, ஏன்னா அப்போ எல்லாரும் கொரோனாவைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. கெட்டியான முடிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல வளராம இருந்தா விட்டுடலாம்னாங்க. ஆனா ஒண்ணு சேர்த்துச் சொன்னாங்க: ஹார்ட் சிடியில நுரையீரலின் மேல்பகுதி பெரும்பாலும் வராது, அதனால அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்தா நுரையீரலே சுத்தம்னு யாரும் நினைக்கக் கூடாது.

உங்க வீட்ல யாராவது ஹார்ட் சிடி எடுத்தா, டாக்டர்கிட்ட "இதயத்துக்கு வெளியே ஏதாவது எழுதியிருக்கா?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. பழைய படம் இருந்தா கையோட கொண்டு போங்க. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் வேணும்.

ஆட்டோவுல வரும்போது அப்பா கேட்டார், "உங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியும்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கிட்டு வந்தார். "அடுத்த தடவை மூணாவது பக்கத்தை நானே படிக்கிறேன். கண்ணாடி மட்டும் மறக்காம எடுத்துக் குடு."