சம்பளம் வராத அந்த ஓராண்டு



கேமரூன் நாட்டு இளைஞர் ஒருவரைப் பற்றிப் பட்டம் பெறும் உங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாப்பாரப்பட்டியில் நடக்கும் இந்த விழாவுக்கு வந்தேன். பெயர் ஆர்தர் சாங். தலைநகர் யாவுண்டேயில் பொறியியல் படித்தவர். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் அவர் நாட்டில் அப்போது இதய மருத்துவர்கள் சுமார் 50 பேர்தான். அவர்களும் பெரும்பாலும் இரண்டு பெருநகரங்களில் இருந்தார்கள். நெஞ்சு வலி என்றால் கிராமத்துக்காரர் வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிக்கொண்டு, நகரத்துக்கு பஸ் ஏற வேண்டும். சாங் ஒரு கையடக்கத் தொடுதிரைக் கருவி செய்தார். கிராமத்து மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, செல்போன் சிக்னல் வழியாக நகரத்து மருத்துவருக்கு அனுப்பிவிடும். கார்டியோபேட் என்று அதற்குப் பெயர்.

சாங்குக்குக் கம்ப்யூட்டர் தெரியும், எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. நம் காரக்பூர் ஐ.ஐ.டி. இணையத்தில் நடத்திய பாடங்களில்தான் அதைக் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட பாடங்கள் உங்கள் கையில் உள்ள போனிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. படிப்புக்கு வழி கிடைத்துவிட்டது, கருவி செய்யப் பணத்துக்கு வழியில்லை. பேஸ்புக்கில் வீடியோ போட்டார். கேமரூன் அதிபரிடமிருந்து உதவித் தொகை வந்தது. 2014-இல் ரோலெக்ஸ் விருது. 2016-இல் பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங் வழங்கும் ஆப்பிரிக்கப் பரிசு, 25,000 பவுண்ட்.

அந்தப் பரிசில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. முதல் பட்டியலில் தேர்வாகும் எல்லோருக்கும் பல மாதப் பயிற்சி உண்டு. பொருளுக்கு விலை வைப்பது எப்படி, காப்புரிமை வாங்குவது எப்படி, முதலீட்டாளர் முன் பேசுவது எப்படி என்று அனுபவசாலிகள் கூடவே இருந்து சொல்லித் தருகிறார்கள். பரிசு வாங்காதவரும் இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்.

நம் ஊரிலும் இப்படிப்பட்ட உதவிக்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, 'நிதி' திட்டத்தில், புதிதாகத் தொழில் தொடங்க முயலும் பட்டதாரிக்கு மாதம் 30,000 ரூபாய் வரை ஃபெல்லோஷிப் தருகிறது. சென்னையில் 2001-இல் தொடங்கிய வில்க்ரோ என்ற அமைப்பு, சமூகப் பயனுள்ள தொழில்களைக் கைதூக்கிவிட்டு, இன்று ஆப்பிரிக்காவிலும் அதே வேலையைச் செய்கிறது.

உங்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கல்விக் கடன் தவணை காத்திருக்கிறது. ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்தால் குடும்பம் மூச்சுவிடும். அந்த வேலைக்குப் போகிறவரை நான் ஒருநாளும் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டு, வைவா முடிந்ததும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறீர்களே, அது எனக்கு வலிக்கிறது. "சம்பளம் எவ்வளவு கண்ணு?" என்று வீட்டில் கேட்கும்போது சொல்ல ஒரு தொகை இல்லாததால்தான் அது பூட்டப்படுகிறது. ஃபெல்லோஷிப் அந்தத் தொகையைத் தருகிறது. சம்பளமில்லாமல் முயன்று பார்க்க வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா தரும் ஓராண்டை, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது தருகிறது.

செய்ய வேண்டிய வேலைக்குப் பஞ்சமில்லை. தக்காளி விலை விழுந்தால் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் செடியிலேயே அழுகவிடுகிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் போர் தண்ணீரின் ஃபுளோரைடு எத்தனை பேர் பல்லில் பழுப்புக் கறையாகப் படிந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இங்கேயே இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், விவசாயிகள் என்ன கேட்டு வருகிறார்கள் என்று உட்கார்ந்து கவனியுங்கள். ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் எழுத வேண்டியது அங்கே கிடைக்கும்.

இந்தத் திட்டங்களை நடத்துவோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நேர்காணலைத் தமிழிலும் நடத்துங்கள். ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைக்குக் கருவியைப் பற்றித் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு ஃபெல்லோஷிப் கிடைத்தால் அந்த ஓராண்டை உங்கள் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். மகனுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, மகளுக்கு மட்டும் அந்த ஆண்டில் வரன் பார்க்காதீர்கள்.